அண்ணன் மகள், அமெரிக்க அத்தை, அப்போஸ்டில்: கிருஷ்ணகிரி மாவட்டத்து நிகழ்வு ஒன்று

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மலைக்கிராமம். அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தன் அப்பாவைப் பெற்ற பாட்டியுடன் இருந்தாள். தாய் சில ஆண்டுகளுக்கு முன்பே நோயில் இறந்துவிட்டார். 2022 இறுதியில் தந்தையும் சாலை விபத்தில் போய்விட்டார். பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல். சர்க்கரை உண்டு, ஒரு கண்ணில் பார்வை மங்கல். பள்ளிக்கூடம் அனுப்புவது, காய்ச்சல் வந்தால் பேருந்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாமே அவருக்குச் சுமையாகிவிட்டது.

சிறுமியின் அத்தை, அதாவது இறந்தவரின் தங்கை, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறார். கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அத்தையிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள் உண்டு. அண்ணனின் காரியத்துக்கு வந்தபோதே, குழந்தையைத் தன்னோடு அழைத்துக்கொள்வது என்று அத்தை முடிவு செய்துவிட்டார். பாட்டியும் அதையேதான் சொன்னார்: "நான் இருக்கறப்பவே கூட்டிட்டுப் போயிடும்மா."

2023 தொடக்கத்தில் இந்தக் குடும்பம் கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தது. ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதுதான் எங்கள் பங்கு. தத்தெடுக்கப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அதனால் பெயர்கள் இல்லை. விஷயத்தைப் பாதிக்காத சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

வந்தபோது கையில் இருந்தவை

ஒரு நெகிழிப் பை நிறையக் காகிதம். அதோடு, ஓசூரில் ஓர் ஏஜென்டிடம் முன்பணம் கட்டிய ரசீது. அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டுக் காகிதத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காக அரசு தரும் உறுதிச் சான்று. அந்த முத்திரை போட்டுத் தர, ஒரு காகிதத்துக்கு இவ்வளவு ஆயிரம் என்று பேசியிருந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்கும் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அதற்கு மேல் அமைச்சகம் அங்கீகரித்த சேவை நிறுவனத்துக்கு ஒரு சிறு தொகை போகும். மீதியெல்லாம் அலைச்சலுக்கான கூலி. அலைச்சலே தேவையில்லாத இடத்தில் அந்தக் கூலியைக் கொடுத்ததுதான் எங்களுக்கு உறுத்தியது.

பாட்டி கைநாட்டு வைத்த சம்மதப் பத்திரம், அத்தையின் திருமணச் சான்றிதழ், அண்ணனின் இறப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத்தான் ஏஜென்ட் கேட்டிருந்தார். திருமணச் சான்றிதழை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது லேமினேட் செய்யப்பட்டிருந்ததால் ஸ்டிக்கர் ஒட்ட முடியாதாம். முக்கியமான காகிதம் என்றாலே லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோவது நம் ஊர்ப் பழக்கம்; அதன் மேல் பின்னால் யாரும் எதையும் எழுதவோ ஒட்டவோ முடியாது.

ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தபோது முத்திரையைவிடப் பெரிய பிரச்சினைகள் தெரிந்தன.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தபோது பதிவு செய்தது, பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. ஆதாரிலும் பள்ளியிலும் பெயர் இருந்தது.

அடுத்தது தாத்தாவின் பெயர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும், பள்ளிகளும் அப்படித்தான். அண்ணன் படித்தது கன்னட வழித் தொடக்கப்பள்ளி. அவருடைய மாற்றுச் சான்றிதழில் தந்தை பெயர் 'அப்பா' என்று முடிந்தது. அதிலிருந்து ஆதாருக்கும், ஆதாரிலிருந்து இறப்புச் சான்றிதழுக்கும் அப்படியே போயிருந்தது. தங்கை படித்தது தேன்கனிக்கோட்டையில் தமிழ் வழியில். அவருடைய டி.சி.யிலும் பாஸ்போர்ட்டிலும் அதே பெயர் 'அப்பன்' என்று முடிந்தது. ஊரில் யாருக்கும் இது ஒரு வேறுபாடாகவே படாது. இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று காகிதத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டிய ஓர் அந்நியருக்கு, இவை இரண்டு வெவ்வேறு மனிதர்களின் பெயர்கள்.

மூன்றாவது, ஊரின் முகவரி. தாத்தா 2002இல் இறந்தார். அப்போது வாங்கிய வாரிசுச் சான்றிதழில் 'தேன்கனிக்கோட்டை வட்டம், தருமபுரி மாவட்டம்' என்று இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் 'தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்'. அதற்கப்புறம் தேன்கனிக்கோட்டையைப் பிரித்து அஞ்செட்டி வட்டம் வந்தது. பாட்டியின் புதிய சான்றுகளில் அதுதான். ஒரே வீடு, வாசல்படி கூட மாறவில்லை. காகிதத்தில் மட்டும் மூன்று ஊர்.

முதல் முடிவு: தத்துப் பத்திரம் வேண்டாம்

உறவினர்கள் சொன்ன சுருக்கு வழி, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தத்துப் பத்திரம் பதிந்துவிட்டு விசாவுக்குப் போடுவது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956 அந்த வழியை இவர்களுக்குத் தரவில்லை. தாய் தந்தை இருவரும் இறந்துவிட்ட குழந்தையைப் பாதுகாவலர் தத்துக் கொடுக்க வேண்டுமென்றால் 9ஆம் பிரிவின்படி முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும், ஏற்கெனவே மகள் உள்ளவர் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுப்பதை 11ஆம் பிரிவு தடுக்கிறது. இவர்களுக்கு மகள் இருக்கிறாள். பத்திரம் பதிவானாலும் செல்லாது.

அமெரிக்கப் பக்கத்திலும் இது ஆபத்து. இந்தியா, அமெரிக்கா இரண்டும் 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இருப்பவை. இந்தியா சேர்ந்தது 2003இல். அந்த முறையில், குறிப்பிட்ட குழந்தைக்காக அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் போடும் ஐ-800 மனுவுக்குத் தற்காலிக ஒப்புதல் வந்த பிறகுதான் தத்தெடுப்பு நடக்க வேண்டும். முன்னாலேயே முடித்துவிட்டு வந்தால் விசா சிக்கிக்கொள்ளும்.

ஆகவே இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 60ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் உறவினர் தத்தெடுப்பதற்கான வழி, தேர்வானது. இந்தச் சட்டத்தில் 'உறவினர்' என்பது பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா, சித்தி, இருவழித் தாத்தா பாட்டி என்று எல்லை கட்டிய வட்டம். அத்தை அதற்குள் வருகிறார். சொந்த மகள் இருப்பது தடையில்லை. உறவினர் தத்தெடுப்பில் தம்பதியின் வயது உச்சவரம்பும் பார்ப்பதில்லை. 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார் என்பதால், இந்த மாவட்டத்தில் வேலை கிருஷ்ணகிரியிலேயே முடியும்.

"ஒரு பத்திரத்துல முடியறதை ரெண்டு வருஷம் இழுக்கறீங்களே சார்" என்று அத்தையின் மாமா ஒருவர் கடிந்துகொண்டார். கணிப்பு சரிதான், ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆனது.

இரண்டாவது முடிவு: முத்திரைக்கு முன் உள்ளடக்கம்

அப்போஸ்டில் எதைச் சொல்கிறது என்பதைக் குடும்பத்துக்கு விளக்கவே ஒரு மாலை ஆனது. 1961 அக்டோபர் 5ஆம் தேதியிட்ட ஹேக் உடன்படிக்கையின்படி அது உறுதி செய்வது மூன்றைத்தான்: கையெழுத்து உண்மையானது, போட்டவர் அந்தப் பதவியில் இருப்பவர், முத்திரை உண்மையானது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்கினால், பெயர் இல்லாத சான்றிதழ் உண்மையானது என்று இரண்டு நாடுகளுக்கும் அறிவித்ததாகிவிடும்.

எனவே ஏஜென்டின் வேலையை நிறுத்தச் சொன்னோம். முன்பணம் திரும்பவில்லை.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க, பிறந்ததிலிருந்து 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் இடமுண்டு. பள்ளிச் சான்று, ஆதார், பாட்டியின் விண்ணப்பம் ஆகியவற்றை வைத்துப் பெயர் சேர்க்கப்பட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டு ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தோம். பின்னால் பாஸ்போர்ட், விசா எல்லாம் இந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கப்போகின்றன.

தாத்தாவின் பெயர் விஷயத்தில் இரண்டு வழிகள் இருந்தன. இறந்துபோன அண்ணனின் சான்றுகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது ஒன்று. அவற்றைத் தொடாமல், அண்ணன் தங்கை இருவரையும் ஒரே காகிதத்தில் காட்டும் அரசு ஆவணம் ஒன்றை மையமாக வைப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தோம். 2002ஆம் ஆண்டின் வாரிசுச் சான்றிதழில் தாத்தாவின் மனைவி, மகன், மகள் மூவரின் பெயரும் இருந்தன. வட்டாட்சியர் கையொப்பமிட்ட அந்த ஒற்றைத்தாள் எல்லா டி.சி.களையும் விட வலுவானது. அதோடு, இரண்டு பெயர்களும் தன் கணவரையே குறிக்கும் என்று பாட்டியின் பிரமாண வாக்குமூலம் ஒன்றை நோட்டரி முன் எடுத்தோம். இறந்தவரின் பழைய பள்ளிச் சான்றிதழைத் திருத்தப் போயிருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது; திருத்திய காகிதமே புதுச் சந்தேகத்தையும் கிளப்பும்.

ஊர் விஷயத்துக்கு, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று. இந்தக் கிராமம் முன்பு தருமபுரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருந்தது, 2004க்குப் பின் கிருஷ்ணகிரி மாவட்டம், இப்போது அஞ்செட்டி வட்டம், இவை ஒரே கிராமம் என்று நாலு வரி. தன் வேலைக்காலத்தில் இப்படி ஒரு சான்று கேட்டு யாரும் வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது முடிவு: எந்தக் காகிதம் எந்தப் பக்கம் போகிறது

வந்து விழுந்த யோசனைகளுக்குக் குறைவில்லை. துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர், எல்லாவற்றுக்கும் தூதரக முத்திரை கட்டாயம் என்றார். கனடாவில் இருக்கும் உறவினரும் அதையே சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாத நாடு. கனடாவில் அது நடைமுறைக்கு வந்ததே 2024 ஜனவரி 11 அன்றுதான். அதற்கு முன் அங்கிருந்து வரும் காகிதம் தூதரகம் வழியாகத்தான் வர வேண்டும். அமெரிக்கா 1981 முதல், இந்தியா 2005 ஜூலை முதல் உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே அப்போஸ்டிலோடு சங்கிலி முடிகிறது. அதற்கு மேல் நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு கேள்விகள் எழுதிவைத்தோம்: இது எங்கே கையெழுத்தானது? யார் இதைப் படிக்கப்போகிறார்கள்?

இந்தியாவில் கையெழுத்தாகி இந்தியாவிலேயே படிக்கப்படும் காகிதத்துக்கு அப்போஸ்டில் என்ற பேச்சே இல்லை. பாட்டியின் சம்மதம், இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ் ஆகியவை மாவட்டத்தில் உள்ள அதிகாரிகளும், டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையமும், அதாவது எல்லோரும் சொல்லும் 'காரா'வும், படிப்பதற்கானவை. ஏஜென்ட் கேட்ட பட்டியலில் பெரும்பாலானவை இந்த வகை.

இந்தியாவில் கையெழுத்தாகி அமெரிக்கக் குடியேற்றத் துறை படிக்கும் காகிதங்கள் இரண்டாவது வகை. அந்தத் துறை பொதுவாக அப்போஸ்டில் கேட்பதில்லை. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரிந்தவர் சரியாக மொழிபெயர்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழியும்தான் கேட்கிறது. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இதைச் செய்துகொடுத்தார். முத்திரைகளில் உள்ள எழுத்துகளைக் கூட விடாமல் மொழிபெயர்த்திருந்தார்.

அமெரிக்காவில் கையெழுத்தாகி இந்தியாவில் படிக்கப்படுபவை மூன்றாவது வகை. அப்போஸ்டிலின் மொத்த பாரமும் இங்கேதான்.

திருமணச் சான்றிதழ் இதில் ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. தம்பதி அதை நியூ ஜெர்சியில் ஒரு நோட்டரியிடம் கொண்டுபோய் 'உண்மை நகல்' என்று கையெழுத்து வாங்கி, அதற்கு அங்கே அப்போஸ்டில் வாங்க நினைத்தார்கள். அப்படிச் செய்தால் அந்த நோட்டரியின் கையெழுத்துதான் உறுதியாகும்; கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பதிவான திருமணத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. லேமினேட் ஆனதை அப்படியே விட்டுவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து புதிய சான்றிட்ட நகல் வாங்கி வைத்தோம். அதற்கு முத்திரை எதுவும் வாங்கவில்லை.

அமெரிக்கப் பக்கத்து வேலை

அமெரிக்காவில் அப்போஸ்டில் கொடுக்க ஒரே அலுவலகம் கிடையாது. எந்த மாநிலத்து நோட்டரி கையெழுத்திட்டாரோ அந்த மாநிலம்தான் கொடுக்கும். கூட்டாட்சி அரசின் காகிதத்துக்கு வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறை கொடுக்கும். இதைத் தம்பதி முதலில் நம்பவே இல்லை.

ஹோம் ஸ்டடி என்று சொல்லும் குடும்ப ஆய்வறிக்கையைத் தயாரித்த அமைப்பு பென்சில்வேனியாவில் இருந்தது. அங்கேயே நோட்டரி, அங்கேயே அப்போஸ்டில். மருத்துவச் சான்று, சொத்து வருமான வாக்குமூலங்கள், அறிமுகக் கடிதங்கள் நியூ ஜெர்சியில். அங்கே இதை வழங்குவது மாநிலக் கருவூலத் துறை. மாநிலச் செயலாளரின் அலுவலகத்தைத் தேடிப் போனால் வீண். கணவரின் நிறுவனத் தலைமையகம் கலிபோர்னியாவில் இருந்ததால் வேலைச் சான்றுக் கடிதம் அங்கே கையெழுத்தாக வேண்டியிருந்தது. அப்படியானால் மூன்றாவது மாநிலம். இதைத் தவிர்க்க, சம்பளச் சீட்டும் வருமான வரித் தாக்கல் நகலும் இணைத்துக் கணவரே நியூ ஜெர்சியில் வாக்குமூலம் கொடுப்பது போதுமா என்று அமைப்பிடம் கேட்கச் சொன்னோம். போதும் என்று எழுத்தில் பதில் வந்தது. ஒரு மாநிலம் குறைந்தது.

எஃப்.பி.ஐ. குற்றப்பின்னணிச் சான்று கூட்டாட்சிக் காகிதம். அதை உள்ளூர் நோட்டரியிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்கினால் வெளியுறவுத் துறை திருப்பி அனுப்பிவிடும். கணவர் காரில் நோட்டரி அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இது அத்தையின் கண்ணில் பட்டது. போன் செய்து நிறுத்தினார். அஞ்சலில் போய் வர வாரக்கணக்கில் ஆகும் காகிதம் அது.

தத்தெடுக்கத் தம்பதிக்குத் தகுதி உண்டா என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை முதலில் பார்க்கும் ஐ-800ஏ விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கிடைத்தால் அது 15 மாதம் செல்லும். கடிகாரம் ஓடத் தொடங்கும் முன் உள்ளூர்க் காகிதங்களை முடித்திருந்தது இங்கேதான் பயன்பட்டது. காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் கோப்பு ஏறியபோது அமைப்பிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது: தருமபுரியா, கிருஷ்ணகிரியா? வி.ஏ.ஓ. சான்றின் மொழிபெயர்ப்பை அனுப்பினோம். மறுகேள்வி இல்லை.

மாவட்டத்தில் நடந்தவை

காரா கேட்டுக்கொண்டபடி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். குழந்தையின் குடும்பப் பின்னணி அறிக்கை அவர்கள் எழுத வேண்டியது. பக்கத்து வீடுகளிலும் பள்ளியிலும் கேட்டார்கள். பெற்றோர் இருவரும் இல்லாததால், பாட்டி குழந்தையைத் தத்துக் கொடுக்கக் குழந்தைகள் நலக்குழுவின் அனுமதியும் வேண்டியிருந்தது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதமும் சட்டப்படி தேவை. குழு அவளிடம் தனியாகப் பேசியது. லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வர முடியுமா என்று அவள் கேட்டதாக அத்தையிடம் பிறகு சொன்னார்கள். மற்றதெல்லாம் தேதியும் முத்திரையுமாக ஓடிய இந்தக் கோப்பில் யாரும் அதற்கு முன் கேட்டிராத கேள்வி. ஆண்டுக்கு ஒரு முறை கூட்டிவருவதாகத் தம்பதி தங்கள் வாக்குமூலத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை.

ஐ-800க்குத் தற்காலிக ஒப்புதலும், ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 5ஆம் பிரிவின்படி அமெரிக்கத் தரப்பு தரும் கடிதமும், காராவின் முன் ஒப்புதலும் வந்தன. அசல் ஆவணங்களோடு அத்தை ஊருக்கு வந்தார்.

ஸ்டேப்பிள்

ஆட்சியர் முன் தாக்கல் செய்யக் கூடுதல் நகல்கள் வேண்டியிருந்தன. ஒரு ஜெராக்ஸ் கடையில் கட்டைக் கொடுத்துவிட்டு அத்தை சாப்பிடப் போனார். கடைப் பையன் வேலையில் சுத்தமானவன். நகல் கோணலாக விழக்கூடாது என்று ஸ்டேப்பிள் பின்களை எடுத்துவிட்டு, தாள் தாளாக நகலெடுத்து, திரும்ப அழகாகப் பின் அடித்து வைத்திருந்தான். பென்சில்வேனியா ஆய்வறிக்கையும் மருத்துவச் சான்றுகளில் ஒன்றும் இப்படிப் பிரிக்கப்பட்டிருந்தன.

அமெரிக்க மாநிலங்கள் அப்போஸ்டில் தாளை ஆவணத்தோடு சேர்த்துப் பின் அடித்துத் தருகின்றன. அந்தப் பிணைப்புதான் இந்த முத்திரை இந்தக் காகிதத்துக்கு உரியது என்பதற்குச் சாட்சி. பிரித்துவிட்டால், வேறு காகிதத்தை மாற்றி வைக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. தாளில் பழைய துளைகளும் புதிய துளைகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

அப்படியே தாக்கல் செய்துவிடலாம், யார் துளையை எண்ணப்போகிறார்கள் என்று குடும்பத்தில் ஒரு கருத்து இருந்தது. நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணையில் யாரும் கவனிக்காமல் ஆணை வந்துவிட்டால் கூட, பின்னால் விசா அதிகாரி கேட்டால் ஆணையின் அடித்தளமே கேள்விக்குள்ளாகும். குழந்தையின் காரியத்தில் அந்த ஓட்டையை விட்டுவைக்க மனம் வரவில்லை. பாதுகாப்பு அலகிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தோம். மற்ற ஆவணங்களோடு விண்ணப்பம் தாக்கலானது. இந்த இரண்டும் புதிதாக வந்ததும் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். நல்லவேளை, கணவர் அமெரிக்காவிலேயே இருந்தார். அமைப்பு புதிய பிரதியில் கையெழுத்திட்டது, மருத்துவர் மீண்டும் கையெழுத்திட்டார், இரண்டு மாநிலங்களிலும் புதிய அப்போஸ்டில் வாங்கிக் கூரியரில் வந்தது. அத்தை தன் விடுமுறையை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதில் பாதி சம்பளமில்லா விடுப்பு.

ஆணையும் அதற்குப் பின்னும்

தத்தெடுப்பு விசாரணை மூடிய அறையில், தாக்கலான இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 61ஆம் பிரிவு. இங்கே அந்தக் கெடுவுக்குள் ஆணை வந்தது. அதன் பேரில் காரா 23ஆம் பிரிவு இணக்கச் சான்றிதழை வழங்கியது.

இந்தச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் வாங்கலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாம் என்றோம். ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 23ஆம் பிரிவின்படி இந்தச் சான்று இருந்தாலே தத்தெடுப்பை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றாக வேண்டும். இரண்டு நாட்டு மத்திய அமைப்புகளும் ஏற்கெனவே ஒன்றையொன்று அறியும். இதற்கு மேல் ஒரு ஸ்டிக்கர் எதையும் கூட்டாது.

வளர்ப்புப் பெற்றோர் பெயருடன் புதிய பிறப்புச் சான்றிதழ், அதன்மேல் பாஸ்போர்ட், அப்புறம், தத்தெடுப்பு வெளிநாட்டிலேயே முடிந்த குழந்தைக்கு அமெரிக்கா தரும் ஐ.எச்-3 வகை விசா. அந்த விசாவில் 18 வயதுக்குள் அமெரிக்காவில் கால் வைத்துப் பெற்றோருடன் வாழும் குழந்தை, 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி அங்கே குடிமகளாகிவிடுகிறாள். 2024 முடிவதற்குள் சிறுமி நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தாள். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அவளைப் பற்றிய முன்னேற்ற அறிக்கை காராவுக்கு வர வேண்டும்.

பாட்டி இப்போது தேன்கனிக்கோட்டையில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். அண்ணனின் சான்றுகளில் தாத்தா பெயர் இன்றும் 'அப்பா' என்றே இருக்கிறது. நிலப் பட்டா மாற்றும்போது அது மறுபடி எழும். அது வேறு கதை.

இனி மாற்ற வேண்டியவை

இதே போன்ற இன்னொரு குடும்பம் இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. குழந்தையின் சித்தி சிங்கப்பூரில். முதல் நாளே ஒரு பெரிய தாளில் எல்லா ஆவணங்களிலும் உள்ள பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதவைத்தோம். எங்கே ஒத்துப்போகவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அமெரிக்கா போன குடும்பத்துக்கு இது துண்டு துண்டாகத்தான் தெரிந்தது.

வெளிநாட்டில் அப்போஸ்டில் வாங்கியவுடன், ஆவணம் இந்தியாவுக்குக் கிளம்பும் முன் அங்கேயே எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். இங்கே நகல் வேண்டுமென்றால் அந்த ஸ்கேனிலிருந்து அச்செடுத்துக்கொள்ளலாம், அசல் உறையை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. உறையின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'பின்னை எடுக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியாகிவிட்டது.

ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால், அந்தக் காகிதத்தைப் பெற்றுக்கொள்ளப் போகிற அலுவலகமோ அமைப்போ அப்போஸ்டில் வேண்டும் என்று எழுத்தில் சொன்ன பிறகு கொடுங்கள் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறோம். அவர் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். பட்டியலில் இருந்த இந்தியக் காகிதங்களில் இரண்டுக்கு மட்டும்தான் தேவை என்று பதில் வந்தது. மற்றவற்றுக்கு நகலே போதுமாம்.